வண்டியேறும் ஓடம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது தமிழர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வரும் என்னும் உண்மையை உணர்த்த எழுந்தது அது. வள்ளுவரும் இடனறிதல் என்னும் அதிகாரத்திலே நாவாயையும் தேரையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டென்பதைப் புலப்படுத்தினார். ஆயினும் இக்காலத்தில் அப்பழமொழி வெறும் உவமையாக நிற்கவில்லை. ஓடம் வண்டியில் ஏறித் தெருவழியே செல்வது இன்று எவரும் காணக்கூடிய காட்சியாகிவிட்டது.

இலங்கையின் மேற்குக் கரையிலே மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும், கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கிழக்குக் கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களைச் சேர்ந்த மீனவர் பலர் திருகோணமலை போன்ற கரைகளுக்குச் சென்று, வாடியமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் ஊர் திரும்புதல் நெடுநாளைய வழக்கம். கண்ணாடியிழையாற் செய்த, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் பெருகிய பின்னர், படகையே லொறியிலோ இழுவைவண்டியிலோ ஏற்றித் தரைவழியாகக் கொண்டு செல்வது எளிதாயிற்று. நீர்கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தெருவழி இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் அவ்வழியில் வளைவுகளும் மேடுபள்ளங்களும் பல.

படகு தெருவேறிய வரலாற்றுள் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்று 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் கேரளத்திலே நடந்தது. பெருமழையால் ஆறுகள் கரைபுரண்டு ஊர்கள் நீரில் மூழ்கியபோது, விழிஞம், பூந்துறை, கொல்லம் முதலிய கடற்கரையூர்களைச் சேர்ந்த மீனவர்கள் தங்கள் படகுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டை நோக்கி விரைந்தனர். செங்கன்னூர், ஆறன்முளை போன்ற இடங்களில், வீட்டுக் கூரைகளின்மேல் ஒதுங்கி நின்ற பல்லாயிரம் மக்களை அவர்கள் மீட்டனர். கடலையே அறிந்த படகுகள் அன்று தெருவழியே சென்று உயிர்காத்தன. அவ்வாறு செல்லும் படகு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. இயந்திரம், எரிபொருட்கலம், துடுப்பு, கயிறு, உயிர்காப்பு அங்கி ஆகிய யாவும் உடன்வந்து சேர்தல் வேண்டும். வழியில் அவற்றுள் ஒன்று விழுந்துவிடுமாயின், நீர்க்கரையை அடைந்த படகு அரைப்படகேயாகும்.

படகை வண்டியோடு பிணைப்பதில் எவரும் கருத்தின்றி இருப்பதில்லை. அதன் பருமனே அச்சத்தைத் தந்து கவனத்தை வேண்டிவிடும். படகினுள்ளே கிடக்கும் சாமான்களைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். நங்கூரமும் சங்கிலியும், மரக்கோலும் துடுப்பும், மீன்பெட்டியும் அதன் மூடியும், நீர் இறைக்கும் வாளியும், மிதப்புகளும், அடித்தளப் பலகைகளும் கடலில் இருந்தபடியே கிடக்க, வண்டி புறப்பட்டுவிடுகின்றது. 'கடலலையிலேயே அசையாதவை தெருவிலா அசையப் போகின்றன?' என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் பிழையானது. அது பிழையாவது எங்ஙனம் என்பதை ஆராய்தல் தகும்.

நீர்மேற் செல்லும் படகு மெல்லென விரைவடைந்து மெல்லென நிற்பது. நீரே அதற்குத் தடை. தெருவில் ஓடும் வண்டியோ மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, நாயொன்று குறுக்கிட்டால் சில விநாடிகளில் நின்றுவிடும். நேயர்கள் பஸ் வண்டியில் நின்றபடி பிரயாணஞ் செய்யும்போது, சாரதி திடீரெனத் தடையை மிதித்தால் உடல் முன்னே சாய்வதை உணர்ந்திருப்பார்கள். ஓடும் பொருள் ஓடிக்கொண்டேயிருக்க முயலும் இவ்வியல்பைச் சடத்துவம் என்பர். 1687ஆம் ஆண்டு வெளிவந்த தமது பெருநூலிலே நியூற்றன் என்னும் அறிஞர் வகுத்த முதலாவது இயக்கவிதி இதனையே கூறுகின்றது. வண்டி நிற்கும், வண்டியோடு கட்டிய படகும் நிற்கும், படகோடு கட்டாத நங்கூரம் நில்லாது.

அந்த நங்கூரத்தின் தாக்கம் எத்தகையது? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பொருள், ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் பெறும் வேகத்தை உடையது. 14 மீற்றர் என்பது வளர்ந்த தென்னையொன்றின் உயரத்தை ஒத்தது. தென்னையின் தலையிலிருந்து 10 கிலோகிராம் இரும்பு விழுமாயின் அதன்கீழ் நிற்க எவரும் துணியார். ஆனால் அதே இரும்பைக் கட்டாமற் படகில் இட்டு, அதற்கு முன்னே வண்டியில் அமர்ந்து செல்ல மட்டும் பலர் தயங்குவதில்லை.

தடையால் முன்னோக்கி உண்டாகும் விசையைப் போலவே, வளைவிற் திரும்பும்போது பக்கவாட்டிலும், புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் பின்னோக்கியும் விசைகள் உண்டாகின்றன. வண்டிகளிற் பாரம் ஏற்றுவது குறித்து மேனாட்டார் வகுத்த விதிகள் இவற்றுக்கு அளவு கூறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் விதிப்படி, பாரத்தைப் பிணைக்கும் கட்டு, அப்பாரத்தின் நிறையில் நூற்றுக்கு 80 பங்கு விசையை முன்னோக்கியும், 50 பங்கு விசையைப் பின்னோக்கியும் பக்கங்களை நோக்கியும் தாங்கவல்லதாய் இருத்தல் வேண்டும். பிரித்தானிய வழிகாட்டலோ முன்னோக்கி முழு நிறையையும் தாங்கவேண்டும் என்கின்றது. 25 லீற்றர் மண்ணெண்ணெய் நிறைந்த கலம் ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடையது. அதனைப் பிடித்து நிறுத்தும் கயிறு 20 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டாலும் அறாததாய் இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். மெல்லிய சணல்நூல் இதற்குப் போதாது.

மூன்றாவதாக, மேடுபள்ளங்களைக் கருதுதல் வேண்டும். சக்கரம் மேடொன்றில் ஏறிச் சட்டென இறங்கும்போது படகின் தளம் கீழே விலகுகின்றது. உள்ளே கிடக்கும் பொருள் கணப்பொழுது தளத்தை விட்டெழுந்து நிற்கின்றது. பாரமான பொருளை அசையாது வைத்திருப்பது உராய்வு. தளத்தோடு தொடர்பற்ற அக்கணத்தில் உராய்வு அறவே இல்லை. ஆகையால் 'இது பாரமானது, தானாகவே நிற்கும்' என்னும் நம்பிக்கை தெருவிற் பயன்படாது. கண்ணாடியிழைத் தளமோ வழவழப்பானது. ஈரமும் எண்ணெயும் படிந்திருந்தால் அதன் உராய்வு மேலும் குறையும். சிறுசிறு குலுக்கல்களால் ஒரு பொருள் விரற்கடையளவாக நகர்ந்து நகர்ந்து, ஐம்பது கிலோமீற்றர் கடந்தபின் படகின் விளிம்பில் வந்து நிற்பதும் உண்டு.

நான்காவது பகை காற்று. வேகம் இருமடங்காகும்போது காற்றின் அழுத்தம் நான்மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறத்தாழ 4 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையால் தள்ளும் காற்று, 60 கிலோமீற்றர் வேகத்தில் 17 கிலோகிராம் விசையாலும், 100 கிலோமீற்றர் வேகத்தில் 47 கிலோகிராம் விசையாலும் தள்ளும். திறந்த படகினுள் இக்காற்று நேராகச் செல்லாது சுழன்றடிக்கும். மீன்பெட்டியின் மூடி, வெறும் எண்ணெய்க்கலம், மிதப்பு ஆகிய இலேசான பொருள்கள் இச்சுழலில் எளிதாக மேலெழும். உயிர்காப்பு அங்கி முற்பட எழுவது. நீரில் மிதப்பதற்கென்றே பருமனாகவும் இலேசாகவும் செய்யப்பட்ட பொருளல்லவா அது? கடலில் உயிர்காக்கும் அங்கி, தெருவிற் பறந்து பின்னே வரும் மோட்டார்ச் சைக்கிள்காரரின் முகத்தை மூடுமாயின் உயிர்கொல்லியாகவும் கூடும்.

இவ்வாபத்து கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார்வாகனச் சங்கத்தைச் சார்ந்த பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2011 முதல் 2014 வரையுள்ள நான்கு ஆண்டுகளில் அந்நாட்டுத் தெருக்களிற் கிடந்த அல்லது விழுந்த பொருள்களால் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விபத்துகள் நேர்ந்தன; ஐந்நூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, வண்டிகளிலிருந்து விழுந்த பொருள்களால் ஆனவை. 2004ஆம் ஆண்டு வாஷிங்ரன் மாநிலத்தில் இழுவைவண்டியொன்றிலிருந்து விழுந்த பலகை, பின்னே வந்த காரின் முன்கண்ணாடியைத் துளைத்து, அதனை ஓட்டிவந்த இளம்பெண்ணின் இரு கண்களின் பார்வையையும் பறித்தது. அடுத்த ஆண்டே, கட்டாத பாரத்தாற் பிறருக்குக் காயம் விளைவித்தலைக் குற்றமாக்கி அம்மாநிலம் சட்டஞ் செய்தது. காரில் வந்தவருக்குக் கண்ணாடியேனும் ஒரு தடுப்பாக இருந்தது. மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் நிறைந்த இலங்கைத் தெருக்களிற் பின்வருவோர் பலருக்கு அத்தடுப்பும் இல்லை.

இனி, செய்யவேண்டியவை யாவை எனப் பார்ப்போம்.

முதலாவது விதி, கழற்றக்கூடியதைக் கழற்றுக என்பது. படகிற் கிடந்தாக வேண்டாத பொருளைப் படகில் வைத்தல் வேண்டாம். உயிர்காப்பு அங்கிகள், விளக்குகள், கருவிப்பெட்டி, வாளி முதலியவற்றைச் சாக்கிலோ பெட்டியிலோ இட்டு, வாய்கட்டி, இழுக்கும் வண்டியினுள்ளே வைத்தல் நன்று. பத்துச் சிறு பொருள்களைத் தனித்தனியே கட்டுவதிலும் ஒரே மூட்டையாக்கிக் கட்டுதல் எளிது, பாதுகாப்பும் மிகுதி.

இரண்டாவது, பாரமானவற்றைத் தாழவும் நடுவிலும் வைத்தல். இருசக்கர இழுவைவண்டியில் இது மிக இன்றியமையாதது. இழுவைவண்டியின் மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை, முன்னேயுள்ள கொளுவியின்மேல் அழுந்துதல் வேண்டும் என்பது பொதுவான அளவு. படகும் வண்டியும் சேர்ந்து 1,000 கிலோகிராம் எனவும், கொளுவியில் 60 கிலோகிராம் அழுந்துகின்றது எனவும், கொளுவிக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 4 மீற்றர் தூரம் எனவும் கொள்க. அணியத்திற் கிடந்த 40 கிலோகிராம் சாமான் 3 மீற்றர் பின்னே சறுக்குமாயின், கொளுவியின் அழுத்தம் 60இலிருந்து 30 ஆகக் குறைந்துவிடும். முன்பாரம் குறைந்த இழுவைவண்டி வேகத்திற் பாம்புபோல் வளைந்தாடத் தொடங்கும். ஆட்டம் மிகுந்தால் இழுக்கும் வண்டியையும் தெருவை விட்டுத் தள்ளிவிடும். சாமான் வெளியே விழாமல் உள்ளேயே நகர்ந்தாலும் கேடு உண்டென்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, ஒவ்வொரு பாரமான பொருளுக்கும் தனிக்கயிறு வேண்டும். ஒரே நீண்ட கயிற்றால் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினால், ஓரிடத்தில் அறும்போது எல்லாம் அவிழும். கயிறு முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் ஆக இரு திசைகளிலும் பிடித்தல் நன்று. நங்கூரத்தை அதன் சங்கிலியோடு சேர்த்து, படகின் உறுதியான வளையத்திலோ குறுக்குமரத்திலோ கட்டுதல் வேண்டும். மரக்கோலையும் துடுப்புகளையும் ஒரு கட்டாக்கி, நடுவில் மட்டுமன்றி இரு முனைகளிலும் பிணைத்தல் வேண்டும். அவை படகுக்குப் பின்னே நீண்டு நிற்குமாயின், முனையிற் பகலிலே செந்துணியும் இரவிலே செவ்விளக்கும் தொங்கவிடுதல் பின்வருவோர்க்குச் செய்யும் உதவியாகும்.

கயிற்றின் தன்மையையும் அறிதல் வேண்டும். நைலோன் கயிறு நன்றாக நீளும் இயல்புடையது. அலையின் இழுப்பைத் தாங்கி நங்கூரத்தைப் பிடிப்பதற்கு அவ்வியல்பு ஏற்றது. சாமானை இறுக்கிக் கட்டுவதற்கு ஏலாது. குலுக்கலில் நீண்டு தளர்ந்துவிடும். நனைந்தால் வலிமையும் சற்றுக் குறையும். பொலியெஸ்ரர்ப் பட்டிகளும் கயிறுகளும் அவ்வளவு நீளாதவை. ஆதலின் பிணைப்பதற்கு அவையே சிறந்தவை. வெயிலில் நெடுநாட் கிடந்த கயிறு பார்வைக்கு நன்றாயிருந்தாலும் உள்ளே உக்கியிருக்கும். முறுக்கை விரித்துப் பார்த்து, இழைகள் பொடியாக உதிர்ந்தால் அதனை ஒதுக்குதல் வேண்டும். முடிச்சிட்ட கயிறு முடிச்சில்லாத கயிற்றின் வலிமையை உடையதன்று. பல முடிச்சுகள் வலிமையில் மூன்றிலொரு பங்கையோ பாதியையோ குறைத்துவிடும். கூரிய விளிம்பின்மேற் செல்லும் கயிற்றுக்குக் கீழே பழைய றப்பர்க் குழாயையோ சாக்கையோ வைத்தல் வேண்டும். இல்லையேல் அதிர்வே அரமாகி அக்கயிற்றை அறுத்துவிடும். இழுபடும் றப்பர்ப் பட்டிகள் இலேசான பொருள்களுக்கன்றி நங்கூரத்துக்கும் எரிபொருட்கலத்துக்கும் உதவா.

நான்காவது, மூடுதல். தார்ப்பாயால் மூடும்போது அதன் ஓரங்களை நெருக்கமாகக் கட்டாவிடின், காற்று உட்புகுந்து அதனைப் பாய்போல் ஊதிப் பெருக்கும். பின்னர் படபடவென அடித்துக் கிழிக்கும். மீனவர் கையிலேயே இதனினும் எளிய பொருள் ஒன்றுண்டு. தடித்த நூலாலான பழைய வலையைச் சாமான்களின்மேல் விரித்து, விளிம்புக் கயிற்றை இழுத்துப் படகின் இருபுறத்திலும் கட்டிவிட்டால், காற்று ஊடே சென்றுவிடும், பொருள்கள் மேலெழா. ஆயினும் வலை மேல்மூடியேயன்றிக் கட்டுக்கு மாற்றாகாது.

வெளியிணைப்பு இயந்திரம் தனிக் கவனத்துக்குரியது. 15 குதிரைவலு உடைய சிறு இயந்திரமே 35 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. நெடும்பயணத்தில் அதனைக் கழற்றிக் கொண்டுசெல்லுதல் நன்று. கழற்றும்போது அதிலுள்ள நீர் முழுவதும் வடியும்வரை நிமிர்த்தி வைத்து, பின்னர் மெத்தென்ற பொருளின்மேற் கிடத்தி, தலைப்பாகம் சற்று உயர்ந்திருக்குமாறு கட்டுதல் வேண்டும். தலை தாழ்ந்தால் எஞ்சிய நீர் உருளைகளுக்குள் புகுந்து துருவை உண்டாக்கும். கழற்ற இயலாதவிடத்து, உயர்த்தி வைத்த இயந்திரத்தைத் தாங்கும் சிறு கொளுக்கியை மட்டும் நம்பாது, முட்டுக்கொடுத்துக் கட்டுதல் வேண்டும்.

எரிபொருட்கலத்தை வாய்வரை நிரப்புதல் ஆகாது. வெயிலில் எண்ணெய் விரியும். அதற்கு இடம் வேண்டும். கலத்திலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, மூடியை இறுக்குதல் வேண்டும். பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. அது மேலெழுந்து கலையாமற் படகின் அடியிலே தங்கி நிற்கும். பற்றரியின் முனைகளின்மேல் நங்கூரச் சங்கிலி விழுந்து பொறி பறந்தால் அவ்வாவி தீப்பற்றுதல் எளிது. ஆகவே பற்றரியின் இணைப்பைக் கழற்றி, முனைகளை மூடி, அதனைப் பெட்டியோடு பிணைத்தல் வேண்டும்.

படகின் அடித்துளையை அடைக்கும் தக்கை பற்றியும் ஒன்று கூறவேண்டும். தெருப்பயணத்தில் அதனைக் கழற்றிவிடுதலே முறை. ஏறத்தாழ 8 சதுர மீற்றர் வாயகலமுள்ள படகில் 5 சென்ரிமீற்றர் மழை பெய்தால் 400 லீற்றர் நீர் சேரும். அஃது 400 கிலோகிராம் பாரம். அந்நீர் தடை மிதிக்குந்தோறும் முன்னும் பின்னும் பாயும். எந்தக் கயிற்றாலும் கட்டவியலாத சாமான் அது. கழற்றிய தக்கையை இயந்திரத்தின் கைப்பிடியிலே கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். அப்போதுதான் கடலில் இறக்குமுன் அதனைப் பூட்ட மறக்க நேராது.

எல்லாவற்றையும் கட்டியபின், தொங்கும் கயிற்று நுனிகள் யாவற்றையும் சுருட்டி உள்ளே செருகுதல் வேண்டும். வெளியே தொங்கும் கயிறு சக்கரத்திற் சுற்றினால் அச்சையே இறுக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு பொருளையும் கையாற் பிடித்துக் குலுக்கிப் பார்த்தல் வேண்டும். கையால் அசைவது தெருவிற் கட்டாயம் அசையும். புறப்பட்ட சில கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தல் மிக நன்று. புதிதாக இட்ட கட்டுகள் முதற் குலுக்கலிலேதான் பெரும்பாலும் தளர்கின்றன. அமெரிக்க விதி, பாரம் ஏற்றிய வண்டியை முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறையும், பின்னர் மூன்று மணி நேரத்துக்கு அல்லது 240 கிலோமீற்றருக்கு ஒருமுறையும் சோதிக்கவேண்டும் என்கின்றது. தேநீர் அருந்த நிற்கும் ஒவ்வொரு கடைவாசலிலும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தால் இவ்விதிக்கு மேலாகவே நடந்தவராவோம்.

இவற்றைச் செய்வதற்கு அரைமணி நேரமும் சில பாகம் கயிறும் போதும். ஆனால் விடியுமுன் ஊர்போய்ச் சேரவேண்டும் என்னும் அவசரத்தில் அந்த அரைமணி நேரமே பெரிதாகத் தோன்றுகின்றது. கடலிலே ஒருவன் தன் படகைச் சரிவரக் கட்டாது விட்டால் பெரும்பாலும் துன்புறுபவன் அவனே. தெருவின் நியாயம் வேறு. படகிலிருந்து விழும் பொருள், ஏற்றியவனை விட்டுவிட்டுப் பின்னே வருபவனைத் தாக்குகின்றது. முன்னே செல்லும் படகினுள் என்ன கிடக்கின்றது, எது கட்டியிருக்கின்றது என்பன அவன் அறியாதவை; அறிந்துகொள்ள அவனுக்கு வழியுமில்லை. அவன் நம்பியிருப்பது முன்னே செல்பவன் இட்ட முடிச்சு ஒன்றையே.